சந்திரமௌலியின் சிகரெட்

“எத்தனை நாளா இந்தப் பழக்கம்?” என்று கணவரிடம் கேட்டாள் நீரஜா.

“ஆச்சு, பத்து வருஷத்துக்கு மேல. ஆபீஸ்ல மட்டும்தான்” என்றார் சந்திரமௌலி.

“உங்க மேல வாசனைகூட வந்ததில்லையே?”

“ஏலக்காயை மென்னுண்டு வந்துடுவேன்.”

நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் கான்சர் என்று வந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயது. வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. மாட வீதியில் தெரிந்தவர்கள் எல்லாம், “இவருக்கா?” என்று நம்பாமல் கேட்டார்கள்.

மறுநாள் அவர் டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லார் எதிரிலும் இந்த சிகரெட் பழக்கத்தைச் சொன்னார்.

நீரஜா அழவில்லை.

“கபாலி கோவில்ல நின்னுண்டு சுவாமியோட சண்டை போட்டேன். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனுஷனுக்கு ஏன் இதைக் குடுத்தேன்னு கேட்டேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டேளே!”

அவர் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார்.

ஹாலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த அவள் அப்பா அனந்தநாராயணன் மெதுவாக நிமிர்ந்தார். ரயில்வேயில் ரிடையர் ஆனவர். மனைவி போன பிறகு மகளோடு வந்து தங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

“நானும்தான் பிடிக்கறேன் மாப்பிள்ளை. நாப்பது வருஷமாச்சு. ஆனா எல்லார் எதிர்லயும் பிடிக்கறேன். கட்டினவகிட்ட மறைச்சதில்லை. எனக்கு ஒண்ணும் வரலை பாருங்கோ. ஒளிஞ்சுண்டு பண்ற காரியம் இப்படித்தான் வெளியில வரும்.”

“தப்புதான் மாமா” என்றார் சந்திரமௌலி.

ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த இரண்டு வாரமும் நீரஜா வேண்டியதை எல்லாம் செய்தாள். கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. பார்க்க வந்தவர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

“எல்லாம் சிகரெட். எனக்கே தெரியாது.”

வந்தவர்களும், “அப்படிச் சொல்லுங்கோ” என்று நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பழக்கமும் இல்லாதவருக்கு வந்தது என்பதைவிட இது கேட்க சௌகரியமாக இருந்தது.

ஆபரேஷனில் நாக்கில் ஏறக்குறையப் பாதியை எடுக்கவேண்டி வந்தது. இனிமேல் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றார்கள். அதுவரை ஒரு நோட்டும் பென்சிலும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் கேஸ் ஷீட்டின் நகலைக் கொடுத்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்த நீரஜா சட்டென்று எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள்.

“டாக்டர், இதுல ஒண்ணு தப்பா இருக்கு. ஸ்மோக்கிங் இல்லைன்னு போட்டிருக்கு. இவர் பிடிச்சவர். திருத்திடுங்கோ.”

டாக்டர் அன்வரி பேகம் பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“தப்பு இல்லைம்மா. நான் நாலு தடவை கேட்டேன். ஆயுசுல ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லைன்னார். எனக்கும் சந்தேகம் இல்லை.”

“எங்ககிட்ட அவரே ஒத்துண்டாரே!”

“அப்படிச் சொல்லப்போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். வேண்டாம்னு பார்த்தேன். கேக்கலை.”

நீரஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“பிடிக்காதவங்களுக்கு எப்படி வரும்னு அன்னைக்குக் கேட்டார். சில பேருக்குக் காரணமே தெரியறதில்லைம்மா. தினமும் ஸ்கூட்டர்ல மௌண்ட் ரோடுல பஸ்ஸுக்குப் பின்னாடி போறார், அந்தப் புகையா இருக்கலாம். கூட இருக்கிறவங்க விடற சிகரெட் புகையாவும் இருக்கலாம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னேன். வீட்டுல யாராவது பிடிக்கிறாங்களான்னு கேட்டேன். ஆமாம்னு தலையாட்டினார். அப்புறம், ‘இதை மட்டும் என் சம்சாரத்துகிட்ட சொல்லிடாதீங்க’ன்னார்.”

“இப்போ ஏன் சொல்றேள்?”

“ஆபரேஷன் ஆன வாயோட வீட்டுக்குப் போறார். இனிமே அவர் பக்கத்துல புகையே கூடாது. அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அதனால நான் சொல்றேன்.”

நீரஜாவுக்கு வீட்டு ஹால் நினைவுக்கு வந்தது. தெருவில் பஸ் இரைச்சல் என்று எப்போதும் சாத்தியே வைத்த ஜன்னல்கள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து டிவியில் செய்தி பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று அவரை அங்கே உட்காரச் சொன்னதே அவள்தான்.

வார்டுக்குத் திரும்பியபோது சந்திரமௌலி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பத் தயார்.

“அப்பாவாலயா?” என்றாள்.

அவர் கடைசிப் பித்தானையும் போட்டார். பிறகு நோட்டை எடுத்து எழுதி அவளிடம் நீட்டினார்.

‘தெரியாது. டாக்டருக்கே தெரியாது.’

“அப்புறம் எதுக்கு இந்தப் பொய்? ஊரெல்லாம் நானே உங்களைத் தூத்திண்டு திரிஞ்சேனே!”

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, நிதானமாக எழுதி, அவள் பக்கம் திருப்பினார்.

‘எனக்குப் பாதி நாக்குதான் போச்சு. உனக்கு அப்பாவே போயிடக் கூடாது.’