நான்காவது வரி

பிற்பகல் வெயில் ஒன்பதாம் வகுப்பின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே மேசையில் விழுகிறது. ஆங்கில ஆசிரியை லொரேனின் சிவப்புப் பேனா, ஆன்லின் எழுதிவந்த கட்டுரையின் நான்காவது வரியில் நின்றுவிட்டது. அவரவர் ஊரைப் பற்றி விசாரித்து, சொந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும் என்பதுதான் வீட்டுப்பாடம். இணையத்தைப் பார்த்து அப்படியே எழுதிய இருவருக்கு ஏற்கெனவே பூஜ்யம் விழுந்திருக்கிறது.

“உங்க ஊரு போலகத்துல கிணறு கடலைக் குடிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு எழுதியிருக்க. இது எந்த வெப்சைட்டும்மா?”

“வெப்சைட் இல்ல மிஸ். எங்கம்மா சொன்னாங்க.”

பின் பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். ஆன்லின் பையைத் துழாவுகிறாள். ரஃப் நோட்டு கைக்குத் தட்டுப்படவில்லை. வீட்டிலேயே விட்டுவிட்டோமோ என்று புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். கடைசியில் டிபன் பாக்ஸுக்கு அடியில் அது கிடைக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதைப் பற்றி அம்மா அந்தோணிமேரி சொன்னதெல்லாம் அதில் தமிழில் இருக்கிறது. கீழே அந்த நான்காவது வரி ஆங்கிலத்தில் ஐந்து முறை எழுதப்பட்டு, நான்கு முறை அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்ததையும் விடாமல் வாசிக்கிறார் லொரேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆன்லின் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே நிற்கிறாள்.

பேனா மெல்ல இறங்கி, கட்டுரையில் ஒரு சொல்லை வட்டமிடுகிறது.

“ஸ்பெல்லிங் தப்பு. ‘வாட்டர்’ல ஒரு ‘டி’தான். போய் உக்காரு, மிச்சத்தையும் திருத்தித் தர்றேன்.”

தப்பு என்று கேட்ட பிறகுதான் ஆன்லினுக்கு மூச்சே வருகிறது.