கருவாட்டுக் கடையின் ஹெடர்

அறைக் கதவைச் சாத்திவிட்டு லெப்டொப்பைத் திறந்தேன். ஹோலில், என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முஆஸும் அவருடைய ஆட்களும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தளத்தில் அவருடைய வாப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. அந்தக் கடையின் இணையத்தளத்தைத் தன் கையாலேயே செய்ததாகச் சொல்கிறார்.

போன தடவை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் இதைத்தான் சொன்னார்.

ஒரு தளத்தைத் திறந்தால், பக்கத்துக்கு முன்னால், தளம் இருக்கும் கணினியான சேவர் சில வரிகளை அனுப்பும். ஹெடர் என்பார்கள். சும்மா பார்க்கிறவர் கண்ணில் அது படாது. பைத்தன் நிரல்மொழியில் இரண்டு மூன்று வரி எழுதிக் கேட்டால் எல்லாவற்றையும் கக்கிவிடும்.

போன மாப்பிள்ளையின் ஹெடர், அது ஏதோ ஒரு கம்பனியின் ரெடிமேட் தளம் என்று கக்கியது. வேண்டாம் என்றேன். எங்கள் கற்பிட்டி முழுக்க அன்றிலிருந்து இதே கதை.

கதைக்கட்டும். பொய்க்காரனோடு ஆயுசுக்கும் குடும்பம் நடத்த என்னால் ஆகாது.

உம்மா வெறும் கோப்பைகளோடு உள்ளே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வந்ததிலேருந்து போனையே நோண்டிக்கிட்டு இரிக்கான். இதென்ன மரியாதை? சொல்லு மகள், ஓமா இல்லையா?"

"கொஞ்சம் பொறுங்க உம்மா."

மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. அதனால் எல்லாருடைய தேத்தண்ணியும் சீனி இல்லாமலே போனது. மாப்பிள்ளையின் கோப்பைக்கு மட்டும் நான்தான், அவசர அவசரமாக, தாராளமாகச் சீனி போட்டேன். அதை அவர் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருந்தார்.

கடைத் தளத்தின் முகவரியைக் கொடுத்து என்டரைத் தட்டினேன்.

திகதி வந்தது. சேவரின் பெயர் வந்தது. ரெடிமேட் கம்பனி ஒன்றும் இல்லை. அப்பாடா!

கடைசியில் இன்னொரு வரி. எந்தச் சேவரும் தானாக அனுப்பாத வரி. ஆங்கில எழுத்தில், நம்முடைய பேச்சில் இருந்தது:

'தேத்தண்ணியில உப்பு. பரவாயில்ல, குடிச்சிட்டன்.'

போன மாப்பிள்ளையின் கதை புத்தளம் வரைக்கும் போயிருக்கிறது. நான் பார்ப்பேன் என்று தெரிந்தேதான் மனிதர் ஹோலில் உட்கார்ந்து போனை நோண்டி இந்த வரியைச் சேர்த்திருக்கிறார்.

உம்மாவின் கையிலிருந்து அவருடைய கோப்பையை வாங்கி, அடி ஈரத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

யா அல்லாஹ்!

"ஓம் எண்டு சொல்லுங்க உம்மா. அப்பிடியே எனக்குச் சீனிப் போத்தல் எதெண்டும் காட்டுங்க."