ஈரக் காலுறை

“நாளைக் காலைல என் பையன் கிளம்பணும் தம்பி. இந்தக் கம்பளிக் காலுறை காயவே மாட்டேங்குது,” என்றாள் மார்லிஸ்.

பழுது பார்க்க வந்த ஆர்லன், துணி உலர்த்தியின் பின்பக்கக் குழாயைக் கழற்றினான். பஞ்சு கொத்தாக விழுந்தது.

“இதை வச்சு இன்னொரு ஜோடியே பின்னலாம்மா. இனிமே காயும் பாருங்க.”

தன் நனைந்த கைத்துண்டையும் காலுறையோடு போட்டு ஓட்டினான். துண்டு மொறுமொறுவென்று வந்தது. காலுறையிலிருந்து நீர் சொட்டியது.

வெப்பக் கம்பியைச் சோதித்தான். சரியாகவே இருந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் சொட்டியது. ஏரி வாடை அடித்தது.

“மெஷின்ல கோளாறே இல்லம்மா. வேற ஜோடி போட்டு அனுப்புங்களேன்.”

“இது நான் பின்னுனது. கால் சில்லுனு இருந்தா அவன் தூங்க மாட்டான்.”

“அவ்வளவு தூரமா போறான்?”

“பக்கத்துலதான். சர்ச் கல்லறைக்கு. ஜனவரியில ஏரி மேல உறைஞ்ச பனி உடைஞ்சு உள்ள போயிட்டான். தூக்கினப்போ இதுதான் கால்ல இருந்துச்சு. அப்போ மண்ணு கல்லா உறைஞ்சு கிடந்துச்சு, குழி தோண்ட முடியாம பிணவறையிலயே வச்சிருந்தாங்க. இப்பத்தான் இளகியிருக்கு.”

ஆர்லன் காலுறையைப் பிழிந்து, மறுபடி உள்ளே போட்டான்.