கட்டை மேல் நின்ற கார்

"சாமான் இன்னும் வரல தம்பி," என்றார் சௌக்கத் அலி, தலையை நிமிர்த்தாமல்.

விமலுக்குச் சுர்ரென்று ஏறியது.

திருவொற்றியூரில் பாயின் மெக்கானிக் ஷெட்டில் அவனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், நான்கு சக்கரமும் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. பழைய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கழற்றிப் போட்டாயிற்று. புதுசு மும்பையிலிருந்து வர வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டு விமலின் செல்லில் பேலன்ஸ் தீர்ந்ததுதான் மிச்சம்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க பாய்."

"லாரி ஸ்ட்ரைக்கு தம்பி."

"அதுக்கு முன்னாடி மழைன்னீங்க."

"மழையும்தான் பெஞ்சுது இல்ல?"

காரைக் கொண்டுவந்து விட்ட அன்று பாய் இப்படிப் பேசவில்லை. "பள்ளத்துல எறங்கினா இடுப்பு கழண்டுடுது, வளைவுல திருப்பினா ஒரு பக்கமா சாயுது. ரெண்டும் சரியாவணும் பாய்," என்று விமல் கேட்டபோது, "ரெண்டும் ஆவும்," என்று உற்சாகமாகச் சொன்னார். "ராயபுரத்து ரோட்டுல ஓட்டினாலும் பக்கத்துல குந்தினவங்க கையில டீ கிளாஸ் தளும்பாது. எண்ணூர் ரோட்டு வளைவுல வண்டி தரையப் புடிச்சிகினு போவும்."

விமலுக்கு வேண்டியது அந்த எண்ணூர் ரோடுதான். ஞாயிறு விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகள் ஓய்ந்திருக்கும். கடலோரமாகக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அவனும் தோஸ்துகளும் ரேஸ் விடுவார்கள். போன தடவை ஜெயவேல் ஜெயித்துவிட்டான். இந்த ஞாயிறு அவனை விடக்கூடாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினான்.

செல்வம் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். ஒரே பிள்ளை. கேட்டதற்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எதற்கு என்று கேட்கவும் மாட்டார். அந்தக் காரும் அப்படி வந்ததுதான்.

"இன்னாது, இன்னும் வரலியா? வா, நான் வந்து கேக்கறேன்!" லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஷெட்டில் அன்று பெரிய கலாட்டா.

"யோவ் பாய், தொழில் தெரிலன்னா கடைய இழுத்து மூடு! என் புள்ள ஆசையா வுட்ட வண்டியப் பிரிச்சிப் போட்டுட்டு ஏமாத்திகினு கீறியா?"

"சாமான் வரல செல்வம்…"

"எப்பிடி வரும்? வந்தத வித்துத் தின்னுட்டிருப்ப! ஃபோர்ட்வென்ட்டி!"

தெருவே கூடிவிட்டது. ஆட்டோவை ரிப்பேருக்கு விட வந்த ஒருவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்த வழியே வண்டியைத் திருப்பினார். பாய் அதையும் பார்த்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடியே நின்றார்.

விமலுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "வுடு நைனா, போலாம்," என்று அப்பாவை இழுத்துவந்தான்.

ஞாயிறு வந்தது. கார் வரவில்லை. எண்ணூர் முனையில், வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு விமலும் நின்றான்.

அதற்குச் சற்று முன்னால், ஒரு வளைவைத் தாண்டியதும் டிரெய்லர் லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அதில் விளக்கு எரியவில்லை. முதலில் வந்த ஜெயவேல் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தான். ரோடெல்லாம் மணல். கார் வழுக்கிக்கொண்டு போய் லாரிக்கு அடியில் புகுந்தது.

சத்தம் கேட்டு ஓடினார்கள். ஜெயவேலை வெளியே இழுத்தவர்களில் விமலும் ஒருவன். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது காலைத்தான் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள், சட்டைகூட மாற்றாமல், ஆஸ்பத்திரியிலிருந்து விமல் நேராக ஷெட்டுக்குப் போனான்.

"பாய், சாமான் மெதுவாவே வரட்டும். இனிமே எனக்கு ரேஸு வேணாம்." கட்டை மேல் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். "என் வண்டி ரெடியாயிருந்தா நான்தான் அவனுக்கு முன்னாடி போயிருப்பேன்."

பாய் அவனையே பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை இழுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். பிரித்தால், பளபளவென்று புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்.

"இது… எப்ப வந்துச்சி?"

"நீ வண்டிய வுட்ட வாரமே வந்துடிச்சி."

"அப்ப இத்தினி நாளா சொன்னது?"

"பொய்தான். இன்னிக்கே மாட்ட ஆரம்பிக்கறேன். உன் தோஸ்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய் வரணும் இல்ல? உடம்பு அலுங்காம போலாம்."

விமல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"யாரோ ஒருத்தர் நீங்க. என் உசிரப் பத்தி நெனச்சிருக்கீங்க. ஊரு முன்னாடி திட்டு வாங்கிக்கினு சும்மா நின்னீங்க. ஆனா பெத்தவரு? காரையும் வாங்கிக் குடுத்துட்டு, சீக்கிரம் ரெடி பண்ணலன்னு உங்கள வந்து கிழிச்சாரு. வூட்டுக்குப் போனதும் அவர நாலு வார்த்த கேக்கத்தான் போறேன்."

அத்தனை திட்டுக்கும் அசையாத சௌக்கத் அலி இப்போது பதறிவிட்டார்.

"ஐயோ, அந்தப் புண்ணியத்த என் தலையில வெக்காத தம்பி! 'அவன் மூஞ்சப் பாத்து ரேஸு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது பாய், வண்டிய மட்டும் வெளிய வுட்டுடாத. அவனுக்கு சந்தேகம் வராம இருக்க நானே வந்து கத்துவேன், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு என் கையப் புடிச்சிகினு அழுதது உங்க நைனாதான்!"