கடைசி நாலு விரல்

சைக்கிள் கடை எட்வின் அண்ணன் சொன்ன கதை இது; நான் நேரில் பார்க்கவில்லை.

புது டயர் ரிம்மில் ஏறிவிட்டது, கடைசி நாலு விரல் அகலம் தவிர. "அளவு தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்களோ?" என்று பதறியது.

"நகரு, ஒரே நெம்பு!" என்றது நெம்புகம்பி.

"ஐயோ! போன தடவையே இவன் என்னை ரெண்டு இடத்துல கடிச்சிட்டான்," என்று உள்ளிருந்து டியூப் அலறியது.

ரிம் டயரிடம் முனகியது: "ஏம்ப்பா, எதிர்ப்பக்கம் என் விளிம்பை எதுக்கு இந்த இறுக்கு இறுக்குற?"

"விட்டா விழுந்துருவேனே!"

"விழுந்தா என் நடுப்பள்ளத்துலதான் விழுவ."

டயர் நடுங்கிக்கொண்டே பிடியை விட்டுப் பள்ளத்தில் இறங்கியது. உடனே இந்தப் பக்கம் தளர்ந்தது. நெம்புகம்பி வருவதற்குள் நாலு விரலும் உள்ளே போய்விட்டது.

பிறகு என் சைக்கிள் டயரைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கத்தான் செய்கிறது.