பழைய ஊசி

ஞானதுரையின் புரோஸ்டேட் புற்றுநோய் மெதுவாகத்தான் வளர்கிறது, வெட்ட வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு சிறுநீரில் ரத்தம் போகும், குளிர்காய்ச்சல் வரும், இரண்டு நாள் ஒழுங்காக உட்கார முடியாது. சிறுநீரைச் சோதிக்கும் கருவி வைத்த டாய்லெட் அவர் வீட்டில் இருந்தது; ரத்தத்தைக் கண்டதும் அதுவே மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். உடனே நர்ஸ் ஜெபசீலி வந்து, ரத்தம் நிற்கும்வரை கூடவே இருப்பாள். கஞ்சி வைப்பாள். தன் மாமியாரைத் திட்டித் தீர்ப்பாள். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான்.

பதினொன்றாவது தடவை ஊசியை மாற்றிவிட்டார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தம் ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் அரைக் கிலோ பீட்ரூட் வாங்கி, வேகவைத்து, மொத்தத்தையும் தின்றார். சாயங்காலம் சிறுநீர் நன்றாகவே சிவந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்துவைத்தார்.

டாய்லெட் பேசியது. "இது பீட்ரூட் நிறம். ரத்தம் இல்லை. யாரும் வரத் தேவையில்லை."

"வாயை மூடு" என்றார்.

சற்று நேரத்தில் ஜெபசீலி போன் செய்தாள். "ரிப்போர்ட் பார்த்தேன் சார். புது ஊசி உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு! சந்தோஷம்தானே?"

ஞானதுரை கதவைச் சாத்தினார்.

"அடுத்த தடவை எனக்குப் பழைய ஊசியே போடச் சொல்லும்மா."