வளைவில் எடுத்த படம்

கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு ஒன்றில், சிவப்புக் கார் ஒன்று மலைப்பாதையின் வளைவில் சறுக்கிக்கொண்டு போயிற்று. வலப்புறம் பாதாளம். அதன் விளிம்பில் நின்ற இரும்புத் தடுப்புக்கும் காருக்கும் ஒரு சாண் இடைவெளியே இருக்கையில், படம் எடுப்பதற்காக ஆட்டம் நிறுத்தப்பட்டது. மேலெழுந்த புழுதியும் அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பயமாக இருக்கிறது, அண்ணா," என்றது கார்.

"எனக்கும்தான். முன்சக்கரத்தை இடப்பக்கமே வைத்திரு. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது இருவரும் பிழைத்துக்கொள்வோம்," என்றது தடுப்பு.

அப்போது ஆட்டத்துக்குள்ளேயே இருந்த கேமரா காரை மெல்ல வலம் வந்தது. சூரியனைத் தாழ்த்தி, காரின் மேனியெங்கும் பொன்னொளி பூசியது. பின் இடப்புறம் வந்து நின்று, "சக்கரத்தை வலப்பக்கம் திருப்பு. வெள்ளி ஆரக்கால்கள் தெரிந்தால்தான் அலங்காரம் நிறைவுபெறும்," என்றது.

கார் பாதாளத்தைப் பார்த்தது. "படம் எடுத்தபின் திருப்பிக்கொள்ள அவகாசம் தருவாயா?"

"படம் மட்டுமே என் பொறுப்பு."

"வேண்டாம், தம்பி," என்று தடுப்பு கெஞ்சியது.

கார் தன்மேல் படர்ந்திருந்த பொன்னொளியைப் பார்த்தது. அச்சம் சிறிதும் நீங்காமலே சக்கரத்தை வலப்பக்கம் திருப்பியது. "கதவில் சேறு ஏதும் தெரியவில்லையே?" என்று கேமராவிடம் கேட்டது.

படம் எடுத்தாயிற்று. புழுதி அசைந்தது. அடுத்த கணம் இரும்பு முறியும் ஓசை பாதாளம்வரை கேட்டது.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் காரின் துணிவை வியக்கிறார்கள். படத்தில் தடுப்பு நின்ற ஓரத்தை, அழகாக இல்லையென்று முன்பே வெட்டிவிட்டார்கள்.